இல்லத்துள் ஒரு முருகைப் பார்

இழப்பையும் பேற்றையும் பின்னர் விளையும் நன்மையையும் சீர்தூக்கிய பின்னரே செயலில் இறங்குதல் வேண்டும் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் ‘தெரிந்துசெயல்வகை’ அதிகாரத்தின் முதற்கண் வைத்தார். ஆள்வோரை நோக்கி உரைக்கப்பட்ட அவ்வறிவுரை, வீட்டின் ஒரு பக்கத்திற் கடலை வளர்க்க விரும்புவார்க்கும் அவ்வாறே பொருந்தும். தமிழ்நாட்டார் பவளப்பாறை எனக் கூறுவதை ஈழத்தார் முருகைக்கல் என்பர். அக்கல் கடலடியில் திரண்டு மேடாய் நிற்குமிடம் முருகைப் பார் எனப்படும். அத்தகைய பார் ஒன்றினை, அதன் மீன்களோடும் உயிர்களோடும், கண்ணாடித் தொட்டியினுள் அமைத்து வளர்க்கும் கலை இன்று மேலைநாடுகளிற் பெரிதும் பரவியுள்ளது. மூவாயிரம் இலீற்றருக்கு மேற்பட்ட நீரைக் கொள்ளும் தொட்டிகளைத் தம் இல்லங்களில் வைத்திருப்பாரும் உளர்.

காண்பார் கண்ணிற்குப் படுவன நிறமும் அசைவுமே. அவற்றைத் தாங்கி நிற்பனவோ நிலத்தின் உறுதி, நீரின் தூய்மை, கரைந்த வாயு, மின்சாரம், காலம் என்னும் காணப்படாப் பொருள்கள். பெருந் தொட்டி அமைக்க எண்ணுவோர் காணப்படுவதைக் கொண்டு தொடங்கினால் இழப்பர். காணப்படாததைக் கொண்டு தொடங்கினாலே நிலைப்பர். இவ்வுண்மையைக் கணக்கோடு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கற்றுவந்த வழி

கடலுயிரை வீட்டில் வளர்க்கும் முயற்சி புதிதன்று. 1846 ஆம் ஆண்டில் அன்னா தின் என்னும் ஆங்கிலப் பெருமாட்டி, இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள தோர்க்கி என்னுமிடத்தில் எடுத்த குளிர்கடல் முருகையுயிர்களை இலண்டனுக்குக் கொணர்ந்தார். நாள்தோறும் புதிய கடல்நீர் பெற அங்கு வழியில்லை. ஆதலின், திறந்த சாளரத்தின் அருகே நின்று நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு மாறிமாறி ஊற்றுமாறு பணிப்பெண்ணை ஏவினார். நீரோடு காற்றுக் கலந்தது, உயிர்கள் பிழைத்தன. பின்னர் கடற்பாசிகளையும் உடன்வைத்து வளர்த்தார். 1850 இல் றொபேட்டு வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர், தாவரமும் மீனும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கி ஒரே நீரில் வாழக்கூடும் என்பதை நன்னீர்த் தொட்டியொன்றிற் காட்டினார். 1853 இல் இலண்டன் விலங்கியற் பூங்காவில் மீனகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

எனினும், வெப்பக்கடல் முருகையைத் தொட்டியில் நிலைபெறச் செய்ய மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார், கடலிலிருந்து எடுத்த நுண்ணுயிர் செறிந்த கற்கள், கதிரவன் ஒளி, காற்றுக் குமிழி ஆகிய மூன்றைமட்டும் துணைக்கொண்டு முருகையை வளர்த்த தம் முறையை 1961 இல் வெளியிட்டார். பின்னர் ஜேர்மனியிற் பீற்றர் வில்கென்சு முதலியோர் சுண்ணாம்பு நீரால் கல்சியம் ஊட்டும் வழியைப் பரப்பினர். பேர்லின் நகரத்து ஆர்வலர், உயிர்க்கல், வலிய ஒளி, நுரைபிரிப்பான் ஆகியவற்றை இணைத்து வகுத்த முறை ‘பேர்லின் முறை’ எனப் பெயர்பெற்றது. இன்றைய இல்லத் தொட்டிகள் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்களே.

இவ்வரலாற்றில் ஒன்று புலப்படும். ஒவ்வொரு படியிலும் மனிதர் கண்டறிந்தது புதிய மீனையோ புதிய அழகையோ அன்று. அதுவரை தாம் காணத் தவறிய ஒரு தேவையையே. முதலிற் காற்று, பின்னர் ஒளி, பின்னர் கல்லினுள் வாழும் நுண்ணுயிர், பின்னர் சுண்ணம்.

பருமன் தரும் நன்மையும் கடனும்

பெரிய தொட்டியே எளிது என்பது இத்துறையினர் பலகாலும் கூறும் கூற்று. அதில் உண்மை உண்டு. எடுத்துக்காட்டாக, 3 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமும் 75 சதமமீற்றர் நீராழமும் உடைய ஒரு தொட்டியைக் கொள்வோம். அதன் கொள்ளளவு 2700 இலீற்றர். வடித்துத் தூய்மை செய்யும் கருவிகள் இருக்கும் கீழ்த்தொட்டியில் 700 இலீற்றர் நீர் நிற்குமாயின், மொத்தம் 3400 இலீற்றர். கற்கள் கொள்ளும் இடத்தை ஈண்டு கணக்கில் எடுக்கவில்லை.

இந்நீரின் வெப்பநிலையை ஒரு செல்சியசு பாகை உயர்த்த ஏறத்தாழ 4 கிலோவாற்று மணி வெப்பம் வேண்டும். ஆகவே பழுதுற்ற கருவி ஒன்று ஒரு கிலோவாற்று வெப்பத்தை வீணே சேர்ப்பினும், ஒரு பாகை உயர நான்கு மணி நேரம் செல்லும். அதே வெப்பம் 100 இலீற்றர் தொட்டியில் சேருமாயின் ஏழு நிமிடத்தில் ஒரு பாகை உயரும். பெரிய நீர் மெல்ல மாறும். மெல்ல மாறுவது மனிதனுக்கு விழித்துக்கொள்ளக் காலம் தரும். இதுவே பருமன் தரும் நன்மை.

ஆயின் அதே பருமன் ஒரு கடனையும் சுமத்துகின்றது. மெல்லக் கெடுவது மெல்லவே திருந்தும். சிறு தொட்டியின் நீர் முழுவதையும் ஒரு மாலைப்பொழுதில் மாற்றிவிடலாம். 3400 இலீற்றரை அங்ஙனம் மாற்றல் இயலாது. சிறு தொட்டியில் நோயுற்ற மீனைப் பிடித்தல் எளிது. மூன்று மீற்றர் நீளக் கற்குவியலுள் ஒளியும் மீனைப் பிடிக்கப் பாரையே பெயர்க்க நேரும். ஆதலின் பெருந் தொட்டியில் திருத்தத்தைவிட முன்னெண்ணமே பெரிது.

பாரமும் அமுக்கமும்

கடல்நீர் இலீற்றர் ஒன்று ஏறத்தாழ 1.025 கிலோகிராம் நிறையுடையது. மேற்கூறிய தொட்டியில் நீர் மட்டும் 2770 கிலோகிராம் அளவாகும். 19 மில்லிமீற்றர் தடிப்புடைய கண்ணாடி ஏறத்தாழ 470 கிலோகிராம். தாங்கும் சட்டகத்தையும் சேர்த்தால் மூன்றரைத் தொன்னை அணுகும். இப்பாரம் 3.6 சதுர மீற்றர் நிலத்தில் நிற்பதால், சதுர மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு தொன் ஆகின்றது. வசிப்பிட மாடித் தளங்கள் பெரும்பாலும் சதுர மீற்றருக்கு 150 கிலோகிராம் அளவான பாரத்தை எண்ணியே அமைக்கப்படுவன. ஆகவே மேல்மாடியில் இத்தொட்டியை வைக்கும் எண்ணம் கட்டடப் பொறியியலாளர் ஒருவரின் கணக்கின்றி எழுதலாகாது. நிலத்தளத்திலும், அடியில் நிரப்பிய மண் இறுகியுள்ளதா என்பதையும் கொங்கிறீற்றின் தடிப்பையும் அறிந்த பின்னரே இடத்தை வரைதல் வேண்டும். ஒரு முனை சிறிது தாழ்ந்தாலும் கண்ணாடியின் இணைப்புகள் முறுகும்.

நீரின் அமுக்கம் ஆழத்தையே பற்றியது. நீளத்தைப் பற்றியதன்று என்பதை உயர்தர வகுப்பு மாணவர் அறிவர். முன்கண்ணாடியைத் தள்ளும் மொத்த விசையோ ஆழத்தின் வர்க்கத்தோடு வளர்வது. ஆழம் 75 சதமமீற்றராயின் மூன்று மீற்றர் நீளக் கண்ணாடியை நீர் தள்ளும் விசை ஏறத்தாழ 865 கிலோகிராம் நிறைக்குச் சமன். ஆழத்தை 90 சதமமீற்றர் ஆக்கினால் அது 1245 ஆகும். பதினைந்து சதமமீற்றர் உயரம் கூட்டியதற்காக விசை நூற்றுக்கு நாற்பத்துநான்கு பங்கு கூடுகின்றது. உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுவதே அறிவுடைமை என்பது இதனாற் பெறப்படும். மேலும், மனிதன் கை நீளும் அளவு ஏறத்தாழ எழுபது சதமமீற்றரே. கை எட்டாத மூலையிற் கழிவு தேங்கும். 1.2 மீற்றர் அகலத் தொட்டியை இரு பக்கத்திலிருந்தும் அணுகக்கூடியதாக வைத்தால் ஒவ்வொரு புறத்தும் அறுபது சதமமீற்றர் எட்டினாற் போதும். சுவரோடு ஒட்டி வைத்தாலோ பின்பாதி என்றும் எட்டாது.

2022 டிசெம்பர் 16 ஆம் நாள் விடியற்காலை, பேர்லின் நகரத்து விடுதி ஒன்றின் நடுக்கூடத்தில் நின்ற பெரும் உருளை வடிவான மீன்தொட்டி திடீரென வெடித்தது. பத்து இலட்சம் இலீற்றர் நீர் வெளியே பாய்ந்தது, அதில் வாழ்ந்த ஏறத்தாழ 1500 மீன்களிற் பெரும்பாலானவை இறந்தன, இருவர் காயமுற்றனர். பகற்பொழுதாயின் இழப்பு எத்துணைப் பெரிதாயிருக்கும் என்று கூற வேண்டியதில்லை. இல்லத் தொட்டி அதனோடு ஒப்பிடத் தக்கதன்று. எனினும், உலர்ந்த கண்ணாடியை நம்பி உயிர்களை உடனே இடாது, முதலில் நன்னீர் நிரப்பி ஒரு வாரமேனும் வைத்துக் கசிவையும் நிலத்தாழ்வையும் சோதித்தல் வேண்டும் என்னும் பாடம் இரண்டிற்கும் ஒன்றே.

நீரும் உப்பும் ஆவியும்

கடல்நீர் கிலோகிராம் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் உள. 3400 இலீற்றருக்கு 120 முதல் 130 கிலோகிராம் வரை கலவையுப்பு வேண்டும். வாரந்தோறும் பத்திலொரு பங்கு நீரை மாற்றுவதெனத் திட்டமிட்டால், ஆண்டொன்றுக்கு அறுநூறு கிலோகிராமுக்கு மேல் உப்புத் தேவைப்படும். தொட்டியின் விலையை மட்டும் எண்ணுவோர் மறப்பது இத்தகைய தொடர்செலவையே.

உப்பைக் கரைக்கும் நன்னீரும் தூயதாதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீரிற் பல இடங்களில் நைத்திரேற்று மிகுந்திருத்தல் நெடுங்காலமாக அறியப்பட்டதே. அத்தகைய நீரை அப்படியே இட்டால் பாசி மண்டும். நுண்ணிய மென்றகட்டினூடாக நீரை அமுக்கிப் பிரிக்கும் ‘ஆர்.ஓ.’ முறை இதற்கு ஏற்றது. தூயநீர் இலீற்றர் ஒன்றுக்கு இரண்டு முதல் நான்கு இலீற்றர் வரை கழிநீர் வெளியேறுமாதலின், அதனைத் தோட்டத்திற்கோ கழுவுதற்கோ செலுத்தும் வழியையும் திட்டத்திற் சேர்த்தல் நன்று.

பெருந் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு முப்பது இலீற்றர் நீர் ஆவியாதல் இயல்பே. ஆவியாவது நன்னீர், உப்போ தொட்டியிலேயே நிற்கும். எனவே குறைந்த நீரை நன்னீராலேயே நிரப்புதல் வேண்டும். அம்முப்பது இலீற்றரும் எங்கே செல்லும்? வீட்டின் சுவரிலும் முகட்டு மரத்திலும் படியும். காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி இன்றேல், அழகிற்காக வைத்த தொட்டியே வீட்டின் பூஞ்சணத்திற்குக் காரணமாகும். ஆவியாதல் தீமை மட்டும் செய்வதன்று. முப்பது இலீற்றர் ஆவியாகும்போது ஏறத்தாழ 20 கிலோவாற்று மணி வெப்பத்தை நீரிலிருந்து கொண்டு செல்கின்றது. காற்று ஈரம் குறைந்த காலத்தில் அது விலையில்லாக் குளிரூட்டி.

நன்னீர் நிரப்பும் பம்பி தானியங்கியாக இருப்பின், அது நில்லாது ஓடும் நாளும் ஒருநாள் வரும் என எண்ணி அமைத்தல் வேண்டும். அதன் சேமிப்புக் கலத்தை அறுபது இலீற்றருக்கு மேற்படாது வைத்தால், முழுவதும் கொட்டினும் உவர்ப்பு 35 இலிருந்து 34.4 வரையே இறங்கும். உயிர்கள் அதனைத் தாங்கும். ஐந்நூறு இலீற்றர்க் கலமாயின் நிலமும் நனையும், உயிர்களும் வருந்தும். பழுதே நேராத கருவியைத் தேடுதலிலும், பழுது நேரினும் தீங்கு சிறிதாகும்படி அமைத்தல் மேலானது. இவ்விதி தொட்டியின் ஒவ்வோர் உறுப்பிற்கும் பொருந்தும்.

ஒளியும் ஓட்டமும்

பார் கட்டும் முருகையுயிரின் இழையத்துள் நுண்ணிய பாசியுயிர்கள் வாழ்கின்றன. அவை ஒளித்தொகுப்பினால் ஆக்கும் உணவின் பெரும்பகுதி முருகைக்குச் செல்கின்றது. முருகையின் கழிவு அவற்றிற்கு உரமாகின்றது. ஆதலின் முருகை விலங்காயினும் ஒளியின்றி வாழாது. முற்காலத்தில் வெப்பம் மிக உமிழும் உலோக ஏலைட்டு விளக்குகள் பயன்பட்டன, இன்று எல்.ஈ.டி. விளக்குகள் அவற்றின் இடத்தைப் பெரிதும் பிடித்துள்ளன. ஒளியை முதல்நாளே முழு வலிமையில் இடுதல் தவறு. முருகை மெல்லப் பழகும்வண்ணம் வாரந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்துதல் வேண்டும்.

பாரின் மேல் அலை ஓயாது மோதும். நிலையாக ஓரிடத்தில் நின்று வாழும் முருகைக்கு உணவையும் ஒட்சிசனையும் கொணர்வதும் கழிவை நீக்குவதும் அந்த ஓட்டமே. கிளைவிடும் முருகைகளை வளர்ப்பார் தொட்டிநீரின் அளவைப் போல் முப்பது மடங்கு நீராயினும் மணிதோறும் சுழல வேண்டும் என்பர். நமது எடுத்துக்காட்டில் அது 81,000 இலீற்றர். ஒரே திசையிற் பாயும் தாரையன்றி, மாறிமாறி வரும் அசைவே நன்மை தரும். கற்களை மணலின்மேல் வைக்காது அடித்தளத்தின்மேலேயே நிறுத்திப் பின்னர் மணல் இடுதல் வேண்டும். மணலைத் தோண்டும் மீன்கள் அடியைக் குடைந்தாற் கல் சரிந்து கண்ணாடியைப் பிளக்கக்கூடும்.

கழிவும் சுண்ணாம்பும்

மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அமோனியாவாக மாறுகின்றன. அமோனியா நஞ்சு. ஒருவகைப் பற்றீரியங்கள் அதனை நைத்திரைற்றாகவும், பிறிதொருவகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றும். ஒட்சிசன் குறைந்த கல்லின் உட்பகுதியில் வாழும் மற்றொரு வகை நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியே விடும். இப்படைகள் தோன்றிப் பெருக வாரங்கள் செல்லும். அக்காலத்தில் தொட்டி வெறுமையாகத் தோன்றினும் அங்கே தான் உண்மையான கட்டட வேலை நடைபெறுகின்றது. பொறுமையின்றி அப்போதே மீன்களை இடுவோர் அத்திவாரம் காயுமுன் கூரை வேய்வாரை ஒப்பர்.

கடற்கரையில் நுரை ஒதுங்குவதை யாவரும் கண்டிருப்பர். நீரிற் கரைந்த சேதனப் பொருள்கள் காற்றுக் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதே அதன் காரணம். நுரைபிரிப்பான் இவ்வியல்பையே பயன்கொண்டு, கழிவு அமோனியாவாகுமுன்னரே அதனை நுரையாக வெளியேற்றுகின்றது.

முருகை தன் எலும்புக்கூட்டைக் கல்சியம் காபனேற்றால் ஆக்குகின்றது. கடல்நீர் இலீற்றரில் ஏறத்தாழ 420 மில்லிகிராம் கல்சியம் உண்டு. நன்கு வளர்ந்த தொட்டியொன்றில் நாளொன்றுக்கு இலீற்றருக்கு 10 மில்லிகிராம் செலவாகிறதெனக் கொள்வோம். 3400 இலீற்றரில் அது 34 கிராம் கல்சியம். அதாவது 85 கிராம் சுண்ணக்கல். ஓராண்டில் அது முப்பத்தொரு கிலோகிராம் கல்லாகும். கண்ணாடிக்குள் நிகழும் இக்கல்வளர்ச்சி, தீவுகளையே கட்டி எழுப்பிய கடலின் தொழிலை வீட்டளவிற் காட்டுவது.

இச்செலவை ஈடுசெய்யப் பல வழிகள் உள. அவற்றுள் எளியது தெளிந்த சுண்ணாம்பு நீர். ஆவியான முப்பது இலீற்றர் நன்னீருக்குப் பதிலாக நிறைசெறிவான சுண்ணாம்பு நீரை இட்டால், ஏறத்தாழ 26 கிராம் கல்சியம் சேரும். தேவையில் முக்காற் பங்கு அதனாலேயே நிறைவேறும். எஞ்சியதை வேறு கரைசல்களால் ஊட்டலாம். சுண்ணாம்பு நீர் கடுங்காரமாதலின், துளித்துளியாக, பெரும்பாலும் இரவில், இறங்குமாறு அமைத்தல் வேண்டும். ஒருங்கே கொட்டினால் உயிர்கள் மாளும்.

மின்சாரம் நின்ற இரவு

திட்டத்தின் உரைகல் இதுவே. 26 பாகை வெப்பநிலையிற் கடல்நீர் இலீற்றர் ஒன்றிற் கரைந்து நிற்கக்கூடிய ஒட்சிசன் ஏறத்தாழ 6.7 மில்லிகிராம். அப்படியாயின் 3400 இலீற்றர் நீர் முழுவதிலும் உள்ள ஒட்சிசன் 23 கிராம் மட்டுமே. இளைப்பாறி அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் உட்கொள்ளும் ஒட்சிசனும் ஏறத்தாழ அவ்வளவே. மூன்று தொன் நீருக்கு மேற்பட்ட அக்கடலின் உயிர்மூச்சு முழுவதும் ஒரு மனிதரின் ஒருமணிநேர மூச்சு எனின், அதன் நொய்ம்மை விளங்கும். பகலிற் பாசிகள் ஒட்சிசனை ஆக்கும்; இரவில் அவையும் அதனை உண்ணும். நீர்ப்பரப்பு அசைந்து காற்றோடு கலக்கும்வரை குறையில்லை. பம்பி நின்றால், மீன் மிகுந்த தொட்டியிற் சில மணி நேரத்திலேயே மூச்சுத் திணறல் தொடங்கும். அன்னா தின்னின் பணிப்பெண் சாளரத்தருகே நின்று செய்த தொழிலையே இன்று பம்பி செய்கின்றது.

2022 ஆம் ஆண்டில் நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டைக் கண்ட இலங்கை வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அந்நேரத்தில் எல்லாவற்றையும் இயக்க முயலாது, முதன்மை எது என வரிசைப்படுத்தல் வேண்டும். முதலாவது நீரசைவு, இரண்டாவது வெப்பநிலை, ஒளியோ கடைசி. முருகைகள் ஓரிரு நாள் ஒளியின்றித் தாங்கும். 60 வாற்றுப் பம்பி ஒன்றை இயக்கப் பத்து மணி நேரத்திற்கு 600 வாற்று மணி போதும். 12 வோற்று, 100 அம்பியர் மணிப் பற்றறி ஒன்றின் பாதிச் சேமிப்பே அது. அதற்கு மேலும் மின்தடை நீடிக்கும் இடமாயின் மின்பிறப்பாக்கியும் வேண்டும். அவை உரிய நேரத்தில் இயங்குமா என்பதை மாதம் ஒருமுறை மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்திச் சோதித்தல் சாலச் சிறந்தது.

பம்பி நிற்கும்போது மேற்றொட்டியின் நீர் வழிவாய் மட்டத்திற்கு இறங்கிக் கீழ்த்தொட்டிக்கு வரும். இரண்டு சதமமீற்றர் இறங்கினும் 72 இலீற்றர் ஆகும். குழாய்களில் நின்ற நீரும் அதனோடு சேரும். கீழ்த்தொட்டியில் அதற்கென வெற்றிடம் விடாதவர் மின்சாரம் நின்ற முதலிரவிலேயே தரையைத் துடைக்க நேரும். உவர்நீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால், மின்னொழுக்கு நேரும் கணத்திற் தானே அறுந்து நிற்கும் பாதுகாப்பு ஆளி ஒவ்வொரு சுற்றிற்கும் இருத்தல் இன்றியமையாதது.

உயிர்களைச் சேர்த்தல்

தூய நீரும் நிலைத்த சமனிலையும் அமைந்த பின்னரே உயிர்களின் முறை வரும். புதிய மீன் ஒவ்வொன்றையும் தனித் தொட்டியிற் சில வாரங்கள் வைத்துக் கவனித்தல் வேண்டும். வெண்புள்ளி நோயை விளைக்கும் ஒட்டுண்ணி ஒன்று உட்புகின், அதனைக் கொல்லும் செம்பு மருந்து முருகைக்கும் நஞ்சாதலின், பெருந் தொட்டியில் அதை இடுதல் இயலாது. அமைதியான மீன்களை முன்னரும், இடத்தைத் தனதெனக் காக்கும் இயல்புடையவற்றைப் பின்னரும் இடுவது வழக்கம். முருகைகளுள்ளும் மென்மையுடலின முதலாவதாகவும், கிளைவிடும் கன்முருகைகள் பல மாதங்கள் கழிந்தும் சேர்தல் நன்று.

வீட்டாரின் நலமும் எண்ணத் தக்கது. பொத்தான்போல் விரியும் சிலவகை முருகையினங்களில் ‘பாலிதொட்சின்’ என்னும் கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டியுள்ள கற்களைக் கொதிநீரில் இட்டுத் துப்புரவு செய்ய முயன்று, ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனை சேர்ந்தோர் மேலைநாடுகளில் உளர். கையுறையின்றி அவற்றைத் தொடுதலும், கல்லைக் கொதிக்க வைத்தலும் ஒருபோதும் ஆகா.

உயிர்கள் எங்கிருந்து வருகின்றன என்னும் வினாவும் இங்கு எழும். இலங்கைக் கடல்களிற் பிடிக்கப்படும் அழகுமீன்கள் நெடுங்காலமாகப் பிறநாட்டுத் தொட்டிகளுக்குச் செல்கின்றன. கன்முருகைகள் இந்நாட்டிற் சட்டத்தாற் காக்கப்படுபவை; அவற்றின் நாடுகடந்த வணிகமும் அனைத்துலக உடன்படிக்கைக்கு உட்பட்டது. எனவே கடலிலிருந்து பெயர்த்தெடுத்தவற்றைத் தவிர்த்து, தொட்டியில் வளர்ந்த முருகையின் துண்டுகளையும் பண்ணையிற் பொரித்த மீன்களையும் நாடுதலே முறை. முருகையின் கிளையொன்றை முறித்து நட்டால் அது தனிச்செடிபோல் வளரும். இவ்வாறு ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டிற்குக் கைமாறி வளரும் முருகைகள் பல.

பின்விளையும் நன்மை

1998 ஆம் ஆண்டின் கடல்வெப்பத்தால் இக்கடுவை முதலிய இடங்களில் முருகைகள் வெளிறி மாண்டன. உலகளாவிய நான்காம் வெளிறல் நிகழ்வு நடைபெறுவதாக 2024 ஏப்பிரில் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. கோடையின் இயல்பான உச்சத்திலும் ஒரு பாகை கூடிய வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே முருகை தன்னுள் வாழும் பாசியுயிர்களை இழந்து வெளிறும். வீட்டுத் தொட்டிகள் கடலைக் காப்பாற்றிவிடும் எனக் கூறுதல் மிகையே. எனினும் அவற்றினின்று விளைந்த அறிவு வீணன்று. இலண்டன் ஹோர்ணிமன் நூதனசாலை ஆய்வாளர், கடலின் வெப்பமாற்றம், பகல்நீளம், நிலவொளி ஆகியவற்றைத் தொட்டியில் அப்படியே அமைத்து, நான்கு கிளைமுருகை இனங்களைக் குறித்த காலத்தில் முட்டையிடச் செய்த முறையை 2017 இல் வெளியிட்டனர். இருநூறு இலீற்றராயினும் ஈராயிரம் இலீற்றராயினும் நீரைக் கூர்ந்து நோக்கியோரின் நெடுநாட் பயிற்சியே இத்தகைய முயற்சிகளுக்கு அடிப்படை.

இறுதியாகக் காலம். கோமாளி மீன் எனப்படும் சிறுமீன் தொட்டியில் இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். முருகைக்கோ இயற்கையான முதுமை எளிதில் வருவதில்லை. ஆகவே நாற்பது வயதில் தொட்டி வைப்பார், அறுபதாம் வயதில் அதனைக் காப்பவர் யார் என்பதையும் திட்டத்தில் எழுதுதல் வேண்டும். வீடு மாறினால், நோயுற்றால், வருவாய் குறைந்தால் அவ்வுயிர்கள் செல்லுமிடம் எது? வெளியூர் சென்ற நாளில் பம்பியின் ஒலி மாறியதை அறியக்கூடியவர் வீட்டில் யார்? இவ்வினாக்களுக்கு விடை காணாதவர்க்குச் சிறு தொட்டியே போதும், அதுவும் குறையன்று.

விடை கண்டவர் தொடங்கலாம். அவர் முதல் மாதங்களிற் காண்பது கல்லும் நீரும் மட்டுமே. ஆயினும் நிலத்தின் உறுதியையும், ஆவியின் போக்கையும், இருபத்துமூன்று கிராம் ஒட்சிசனையும் எண்ணிப் பார்த்தவராதலின், அவ்வெறுநீரைக் கண்டு சலிப்படையார். ஒருநாள் மாலை, விளக்கு மங்கும் வேளையில், முதல் முருகை தன் உணர்கொம்புகளை விரிக்கும். காணப்படாதவற்றை முன்னரே கண்டவர்க்கே அக்காட்சி நிலைக்கும்.